மூன்றாவது சொல்லுக்கு முன்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில் என் தலையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சொன்னது. தலை அவர் கையில் இருந்ததால் முழுவதையும் கேட்க வேண்டியதாயிற்று.

எங்கள் தெருமுனை சலூன்காரரைப் பல வருடங்களாகத் தெரியும். அவருடைய கண்ணாடிக்கு மேலே எப்போதும் ஒரு விளையாட்டுப் படம் இருக்கும். நம் கால்பந்து அணி ஜெயித்துக்கொண்டிருந்த காலத்தில் கால்பந்து. அது தோற்கத் தொடங்கியதும் அதன்மேலேயே ஒரு டென்னிஸ் வீராங்கனை. அவர் முழங்கால் வலியால் ஓய்வு பெற்றதும் அவர்மேல் ஒரு குத்துச்சண்டைக்காரர். இப்போது ரக்பி. முட்டை வடிவப் பந்தை மார்போடு அணைத்தபடி ஒருவர் சேற்றில் பாய்கிறார். அவர் காலை இரண்டு பேர் பிடித்து இழுக்கிறார்கள்.

இந்தச் சலூன்காரரை வைத்து ஒரு கதை எழுதலாம் என்று உட்கார்ந்து முதல் வரியை இப்படி எழுதினேன்:

"காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்தப் பக்கம் சாயும் மனிதர் ஒருவர் இருந்தார்."

அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால் பிறகு வாசகருக்கு என்ன வேலை?

"அன்று மைதானத்தில் பந்து உருளவில்லை, ஏனென்றால் முட்டை வடிவப் பந்துக்கு உருளத்"

இதை முடிக்கவே இல்லை. அந்தப் பந்தும் உருளும். எந்தப் பக்கம் என்றுதான் சொல்ல முடியாது.

மூன்றாவதாக எழுதியது: "ஒரு மனிதரின் இடது கை ஒரே ஒரு சொல்லால் மரத்துப்போனது."

இது உண்மை. ஆனால் சொல்லால் கை எப்படி மரத்துப்போகும் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால் கதையைச் சற்று நிறுத்திவிட்டு ரக்பியை விளக்குகிறேன். எனக்கு விளக்குவது பிடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், இது கதைக்கும் தேவை.

2

ரக்பியில் முன்னேற வேண்டும், ஆனால் பந்தைக் கையால் முன்னால் வீசக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் வீசலாம். ஆகவே பந்து முன்னே போக வேண்டுமென்றால் அதைச் சுமந்துகொண்டு ஒரு மனிதர் ஓட வேண்டும், எதிரில் வருபவர் அவரைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுவார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தத் தள்ளல்தான் தெரியும். அதற்காகத்தான் எங்கள் ஊரில் போன வருடம்வரை அதை 'எருமை விளையாட்டு' என்றார்கள். "சண்டை போடுறதுக்கு எதுக்குய்யா நடுவுல ஒரு பந்து?" என்பது பொதுவான கருத்து. மைதானத்தின் ஒரு பக்கம் சிமெண்டுப் படிக்கட்டு இருக்கைகள் உண்டு. அங்கே வீரர்களின் வீட்டார் சிலர் உட்கார்ந்திருப்பார்கள், நாயோடு நடக்க வந்தவர்கள் சற்று நிற்பார்கள். இவர்கள் எல்லாரையும்விட நாய்தான் ஆட்டத்தைக் கவனமாகப் பார்த்தது என்று சொல்வார்கள்.

இப்போது ஸ்க்ரம். சிறு தவறு நடந்து ஆட்டம் நின்றால் அதை மறுபடி தொடங்குவதற்கான ஏற்பாடு இது. இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் பின்னிக்கொண்டு குனிந்து, தலைகளை எதிராளியின் தலைகளுக்கு இடையே உள்ள சந்துகளில் செருகி, ஒருவரையொருவர் தள்ளுவார்கள். பந்து நடுவே உள்ள சுரங்கத்தில் போடப்படும். முன்வரிசையில் மூன்று பேர். ஓரத்து இருவருக்கும் வெளிக் கை ஒன்று மிச்சமிருக்கும், அதனால் எதிராளியின் ஜெர்சியைப் பிடித்துக்கொள்ளலாம். நடுவில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. அவருடைய இரண்டு கைகளும் பக்கத்து இருவரின் தோள்மேல் மாட்டியிருக்கும். முன்னால் எட்டு பேரின் எடை, பின்னால் தன் ஆட்களின் எடை, நடுவே அவர் கழுத்து.

எனவே இந்தச் சேர்க்கையை நடுவர் மூன்று சொற்களில் நடத்துவார்.

குனி. முன்வரிசைகள் குனியும்.

பிடி. ஓரத்து ஆட்கள் எதிராளியைப் பிடிப்பார்கள். இப்போது நடுவர் எல்லாரும் அசையாமல் நிற்கிறார்களா என்று பார்ப்பார்.

சேர். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உள்ளே போகும்.

(முதலில் மூன்றாவது சொல்லை 'மோது' என்று எழுதியிருந்தேன். கதையில் வரப்போகிற ஒருவர் அடித்துத் திருத்தினார். "மோதினா கழுத்து போயிடும் சார். சேரணும்.")

இரண்டாவது சொல்லுக்கும் மூன்றாவது சொல்லுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று விதி கிடையாது. இதுதான் இந்த அமைப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இடைவெளி எப்போதும் ஒரே அளவாக இருந்தால் ஆட்கள் அதை ஊகித்துக்கொண்டு முந்தப் பார்ப்பார்கள். அதனால் நல்ல நடுவர் அதை மாற்றிக்கொண்டே இருப்பார். ஒருமுறை உடனே சொல்வார், ஒருமுறை ஒரு மூச்சு இழுத்துவிட்டுச் சொல்வார். யாராலும் ஊகிக்க முடியாத அந்த இடைவெளிதான் நடு ஆளின் பாதுகாப்பு.

விளக்கம் முடிந்தது. உங்களுக்கு இப்போது மூன்று சொற்களும் தெரியும்.

3

சலூன்காரரின் தங்கை நகரப் பேருந்து ஓட்டுகிறார். தங்கையின் கணவர் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். லிஃப்ட்காரர்தான் எங்கள் ஊர் ரக்பி அணியின் நடு ஆள். இத்தனை வருடங்களாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மனைவி போய்ப் படிக்கட்டில் உட்காருவார். மச்சானான சலூன்காரர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. "மாப்ள, பல்லு பத்திரம்" என்பதோடு அவருடைய ரக்பி ஈடுபாடு முடிந்துவிடும்.

பிறகு நம் தேசிய அணி, யாரும் எதிர்பாராத வகையில், மிகப் பெரிய அணி ஒன்றைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்க்கும்படி தோற்கடித்தது. அடுத்த வாரமே கடைகளில் ஜெர்சி தட்டுப்பாடு. எருமைகள் சிங்கங்களாயின. சலூன் கண்ணாடிக்கு மேலே படம் மாறியது.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்களே, அப்படிப்பட்ட ரசிகர் இவர் என்று எழுதி அவரிடமே படித்துக் காட்டினேன். அவர் என் கன்னத்தில் சோப்பு நுரை தடவிக்கொண்டிருந்தார்.

"கெட்டவனா காட்டிட்டீங்களே சார்."

"இல்லையே, உள்ளதைத்தானே..."

"பேசாதீங்க, நுரை வாய்க்குள்ள போயிடும். எங்க தொழில் என்னன்னு நினைச்சீங்க? கத்தி பிடிக்கிறது பாதி, பேச்சுக் குடுக்கிறது மீதி. வர்றவரு டென்னிஸ் பேசினா நான் டென்னிஸ் பேசணும். ஒருத்தரு சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்து உக்காந்தா நானும் கொஞ்சம் அழணும். ஊரோட ஒத்து வாழலன்னா ஊரு வேற சலூனுக்குப் போயிடும். இத எழுதுங்க."

எழுதிவிட்டேன். கத்தி அவர் கையில் இருந்தது என்பதற்காக அல்ல, அவர் சொன்னது சரி என்பதால். ஜெயிக்கும் பக்கம் சாய்பவர்களைப் பழைய ரசிகர்கள் திட்டுவார்கள்: "இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?" என்று. ஆனால் எந்தப் பழைய ரசிகரும் பிறக்கும்போதே ஜெர்சியோடு பிறக்கவில்லை. எல்லாரும் ஏதோ ஒரு நாள் புதிதாக வந்து, எதற்குக் கைதட்டுவது என்று தெரியாமல் பக்கத்து ஆளைப் பார்த்துத் தட்டியவர்கள்தான்.

ஆகவே காற்றுக்குச் சாயும் மனிதர் என்ற பாத்திரம் இந்தக் கதையிலிருந்து நீக்கப்படுகிறது. அவருக்குப் பதிலாக, வாடிக்கையாளரிடம் பேச ஏதாவது வேண்டியிருந்த ஒருவர் வருகிறார்.

4

புதிய ரசிகர்களுக்கு ஒரு வெட்கம் இருந்தது. விதிகள் தெரியாது. சலூனில் வாய் திறக்கவே தயங்கினார்கள். அப்போதுதான் சலூன்காரர் தொலைக்காட்சியில் கேட்ட மூன்று சொற்களை அவர்களுக்குக் கொடுத்தார். "இது மூணும் தெரிஞ்சா போதும் சார், நீங்க ரக்பி தெரிஞ்ச ஆளு." முடிவெட்டிக்கொண்டு எழுந்தவர்கள் எல்லாரும் அந்த மூன்று சொற்களோடு வெளியே போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டு நிரம்பி வழிந்தது. முதல் ஸ்க்ரம். நடுவர் "குனி" என்றார். கூட்டம் "குனி!" என்று எதிரொலித்தது. வீரர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். நடுவர் "பிடி" என்றார். "பிடி!" என்றது கூட்டம். நடுவர் மூன்றாவதைச் சொன்னதும் அதையும் சொன்னார்கள். நன்றாகத்தான் இருந்தது. அடுத்த ஸ்க்ரமும் நன்றாகவே போனது. கூட்டத்துக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது.

எங்கே கோளாறு என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். தாளம் பிடிபட்டதுதான் கோளாறு.

மூன்றாவது ஸ்க்ரமில் நம் ஓரத்து ஆள் ஒருவரின் கால் சறுக்கியது. அவர் சரியாக ஊன்றும்வரை நடுவர் பொறுத்தார். கூட்டம் பொறுக்கவில்லை. முன் இரண்டு தடவை கேட்ட அதே அளவு இடைவெளிக்குப் பின் நூற்றுக்கணக்கான குரல்கள் "சேர்!" என்றன. எதிரணி முன்வரிசைக்கு அது நடுவரின் சொல்லாகக் கேட்டது. அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். நம் பக்கம் இன்னும் தயாராகவில்லை. நடு ஆளின் தலை சந்துக்குள் போகாமல் ஒரு தோளில் இடித்து மடங்கியது. ஸ்க்ரம் சரிந்தது.

கூட்டத்தில் பாதிப் பேர், ஸ்க்ரம் சரிந்தால் அது நமக்குச் சாதகம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். மீதிப் பேர் அந்தப் பாதிப் பேர் தட்டுவதைப் பார்த்துத் தட்டினார்கள். நடுவர் இரு கைகளையும் உயர்த்திக் கூட்டத்தை அமைதியாக இருக்கச் சொன்னார். அதற்கும் தட்டினார்கள்.

லிஃப்ட்காரர் கடைசியாக எழுந்தார். தன் இடது கையை வலது கையால் தாங்கி, வேறு யாருடைய பொருளையோ பத்திரமாகக் கொண்டுவருவதுபோல் ஓரத்துக்கு நடந்து வந்தார். சலூன்காரர் அப்போதும் தட்டிக்கொண்டிருந்தார்.

(இந்த வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். "வேணாம் சார், இருக்கட்டும்" என்றார்.)

5

* இந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள் என்று தங்கை சொன்னார். குரலை மட்டும் கொஞ்சம் குறைத்துப் போட்டிருக்கிறேன்.

கழுத்து நரம்பு இழுபட்டிருந்தது, எலும்புக்கு ஒன்றும் இல்லை. சில வாரங்களுக்கு அவர் இடது விரல்களுக்குத் திருகாணி எது, துவாரம் எது என்று தெரியவில்லை. உணர்வு மெல்லத் திரும்பியது. மருத்துவர் சோதித்துப் பார்த்து, விளையாடலாம் என்றார். வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. அங்கே நடந்த பேச்சு இது:

"கை தட்ட உனக்கு என் புருஷன் கழுத்துதான் கிடைச்சுதா?"

"இல்லம்மா, நான் என்ன..."

"வாய மூடுண்ணே. அன்னைக்கு மூடியிருக்கணும். இன்னைக்காவது மூடு."

"விடும்மா," என்றார் கணவர். "மச்சான் தெரிஞ்சா செஞ்சாரு?"

"தெரியாமத்தான் செஞ்சாரு. தெரியாதவருக்கு அங்க என்ன நாட்டாமை? டென்னிஸ் பாத்துக்கிட்டிருந்தப்ப யாருக்காவது ஒரு கீறல் விழுந்துச்சா? அங்கேயே கிடந்திருக்கலாம்ல!"

"இனிமே கத்தமாட்டேன். சத்தியமா."

"நீ ஒருத்தன் கத்தலன்னா? ஊரே கத்துது. என் பஸ்ஸுல ஸ்கூல் பசங்க சீட்டுக்கு முட்டிக்கும்போதுகூட அதத்தான் சொல்லிச் சொல்லி முட்டுறாங்க. நீ கூட்டின கூட்டம்தானே? நீயே அடக்கு. அடங்கலன்னா இவரு இறங்கமாட்டாரு."

"அத நான்ல சொல்லணும்?" என்றார் கணவர்.

"சரி, சொல்லுங்க."

கணவர் இடது கையை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "கூட்டம் வேணாம்னு மட்டும் சொல்லாதம்மா. நீ ஒருத்தி பாக்க, நாலு நாய் பாக்க, இத்தனை வருஷம் விளையாடிட்டேன். அன்னைக்குத்தான் முதல் தடவையா என் நம்பரச் சொல்லி யாரோ கூப்பிட்டாங்க. யாருன்னே தெரியல. திரும்பிப் பாத்தேன்."

தங்கை எழுந்து போய்த் துவைத்துக் காயவைத்திருந்த ஜெர்சியை எடுத்து மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். கணவர் கைக்கு எட்டாத உயரமில்லை அது. என்றாலும் மேல்தட்டு.

6

கூட்டத்தை அடக்குவது எப்படி? ஒரு கூட்டத்துக்கு முதலாளி கிடையாது. மூன்று சொற்கள் சலூனிலிருந்து வெளியே போனபோது அவை அவருடையவை. இப்போது ஊருடையவை. திரும்பக் கேட்டால் யார் தருவார்?

நான் இந்த இடத்தில் ஒரு நீண்ட கட்டுரை எழுதிக் கிழித்துப்போட்டேன். பொதுமனநிலை, தொலைக்காட்சியின் பங்கு என்றெல்லாம் இருந்தது. அதற்குள் எனக்கு முடி வளர்ந்துவிட்டது. சலூனுக்குப் போனேன்.

வெள்ளைத் துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டார். பின்கழுத்தில் மெஷின் வைக்கும் நேரம் வந்ததும் வழக்கம்போல, "கொஞ்சம் குனிங்க சார்" என்றார். குனிந்தேன். அவருடைய இடது கை என் உச்சந்தலையை அழுத்திப் பிடித்தது. மெஷின் ஓடவில்லை.

"சார், உங்க கை ரெண்டும் எங்க இருக்கு?"

"துணிக்குள்ள."

"வெளிய எடுக்க முடியுமா?"

"முடிச்சுப் போட்டிருக்கீங்களே."

"இப்படித்தான் மாப்ள இருந்தாரு. நான் இப்ப உங்களப் பிடிச்சிருக்கேன். அடுத்து உங்க தலைய அமுக்கப்போறேன். எப்பன்னு முன்னாடியே சொல்லமாட்டேன். 'சேர்'னு சொன்னதும் கழுத்த இறுக்கிக்கணும், அதுவரைக்கும் நிமிந்து பாக்க முடியாது. சரியா?"

"சரி."

காத்திருந்தேன். தரையில் என் முடியும் வேறு யாருடைய முடியோவும் கலந்து கிடந்தது. தெருவில் ஏதோ வண்டி நின்று கிளம்பியது. என் கழுத்து தானாகவே இறுகியது. வலித்தது, தளர்த்தினேன். தளர்த்திய அந்தக் கணத்தில், சுவரோரம் காத்திருந்தவர்களில் ஒருவர் விளையாட்டாக, "சேர்!" என்றார்.

சலூன்காரர் அமுக்கவில்லை. ஆனால் என் உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது. நாற்காலி கிறீச்சிட்டது. கண்ணாடியில் பார்த்தபோது என் முகம் எனக்கே சிரிப்பு மூட்டும்படி இல்லை. கத்தியவரும் சிரிக்கவில்லை.

"அடுத்தது நீங்கதான் சார்," என்று அவரிடம் நாற்காலியைத் தட்டிக் காட்டினார் சலூன்காரர். "வாங்க, வந்து உக்காருங்க."

வருகிற எல்லாருக்கும் இதைத்தான் செய்கிறாராம். சிலர் கோபித்துக்கொண்டு பாதி வெட்டோடு எழுந்து போயிருக்கிறார்கள். ஒருவர், "முடி வெட்ட வந்தேனா, பாடம் படிக்க வந்தேனா?" என்று கேட்டாராம். ஊரோடு ஒத்து வாழ்ந்த மனிதர் முதன்முறையாக வாடிக்கையாளரோடு ஒத்துப்போகாமல் நின்றார். முன்பு மூன்று சொற்களைக் கொடுத்தார், இப்போது அவற்றுக்கு நடுவே இருப்பதைக் கொடுக்கிறார். முதலாவது கொடுக்கச் சுலபம். இரண்டாவதை ஒவ்வொரு கழுத்தாகத்தான் கொடுக்க முடியும். தவிர, கூட்டத்தில் எல்லாரும் அவரிடம் முடிவெட்டிக்கொள்பவர்கள் இல்லை. சிலருக்கு முடியே இல்லை.

இதைத் தங்கையிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் ஜெர்சியை மேல்தட்டிலிருந்து எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். பையில் வைக்கவில்லை.

7

முடிவுகள். நான் எழுதி வைத்திருப்பவை மூன்று.

ஒன்று: ஸ்க்ரம் அமைகிறது, கூட்டம் முழுவதும் மூச்சடக்கி அமைதியாகிறது, ஒரு குண்டூசி விழுந்தால்கூட... இதை லிஃப்ட்காரரிடம் காட்டினேன். "சார், கதை விடாதீங்க. சும்மா இருன்னு சொன்னா நம்ம ஆளுங்க சும்மா இருன்னு ஒருத்தருக்கொருத்தர் கத்துவாங்க." நீக்கப்பட்டது.

இரண்டு: யாரோ ஒருவர் முந்திக் கத்திவிடுகிறார். அதற்கு மேல் நான் எழுதவில்லை. கதைக்கு முடிவு வேண்டும் என்பதற்காக, காலையில் எங்கள் கட்டட லிஃப்டில் என்னைப் பார்த்துத் தலையசைத்த மனிதரின் கழுத்தை ஒடிக்க என்னால் முடியாது.

மூன்று: தேசிய அணி வரிசையாகத் தோற்கிறது. கூட்டம் வேறு விளையாட்டுக்குப் போய்விடுகிறது. படிக்கட்டில் பழையபடி மனைவியும் நாய்களும். கழுத்துக்கு ஆபத்தில்லை. தங்கைக்கு இதுதான் பிடித்திருந்தது. "தோத்துத் தொலையட்டும். நிம்மதி." பிறகு அவரே, "இல்ல, இத போடாதீங்க. அவரு படிச்சா வருத்தப்படுவாரு" என்றார்.

ஆக என்னிடம் முடிவு இல்லை. ஆட்டம் இன்றைக்குத்தான். நான் இந்தக் கடைசிப் பகுதியைச் சிமெண்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து, முழங்கால்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது.

8

கூட்டம் போன தடவையைவிட அதிகம். சலூன்காரர் உட்காரவில்லை. கூட்டத்தைப் பார்த்தபடி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, வேலியோரம் நிற்கிறார். வாடிக்கையாளர்களைத் தலையை வைத்து அடையாளம் கண்டு ஒவ்வொருவராகப் பார்க்கிறார். தங்கை எனக்கு இரண்டு வரிசை கீழே இருக்கிறார். காலையில் அவரே ஜெர்சியைப் பையில் வைத்தாராம். ஏன் என்று கேட்டேன். "எனக்கும் அவரு நம்பர யாராவது கூப்பிடுறதக் கேக்கணும்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உங்களுக்கும் இடம் இருக்கிறது. என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். எப்போதிலிருந்து ரசிகர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

பந்து ஒருவர் கையிலிருந்து நழுவி முன்னால் விழுகிறது. நடுவர் விசில் ஊதுகிறார். ஸ்க்ரம். லிஃப்ட்காரர் நடுவே போய் நிற்கிறார். வலது கை ஒரு தோள்மேல் போகிறது. இடது கையைத் தூக்கி மற்ற தோள்மேல் போடுகிறார்.

யாரோ அவருடைய எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

நடுவர் "குனி" என்கிறார். குனிகிறார்கள். கூட்டத்தில் சிலர் கூடவே சொல்கிறார்கள், சிலர் சொல்லவில்லை. தங்கை முன்னிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்.

"பிடி."

பிடித்துவிட்டார்கள். எதிரணியின் ஓரத்தில் ஒருவருடைய கால் இன்னும் சரியாக ஊன்றவில்லை. நடுவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சலூன்காரர் இரு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நம் பக்கம் பார்க்கிறார், உங்களையும்தான். அடுத்த சொல் உங்கள் நாக்கில் தயாராக இருக்கிறது. எனக்குத் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நடுவர் இன்னும் சொல்லவில்லை.